கால் வீங்கும் தூரம்

சென்னையிலிருந்து எது பக்கம், வேலூரா டொரண்டோவா என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். மொத்த வகுப்பும் ஒரே குரலில் டொரண்டோ என்றது. தப்பு என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வேலூருக்கு ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டிப் போக மூன்று மணி நேரம். டொரண்டோவுக்குத் தாவலில் நாற்பது நிமிடம். "பதின்மூவாயிரம் கிலோமீட்டர்டா!" என்றேன். "அது சும்மா நம்பர் சார்" என்றான் முதல் பெஞ்சில் ஒருவன். ஒரு பூகோள வாத்தியாருக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

என் தங்கை மதி டொரண்டோவில் இருக்கிறாள். நிறைமதி என்று முழுப்பெயர். எனக்குப் பரிதி. பெயர் வைத்தவர் அப்பா குணசீலன். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வரும், எப்போது புறப்படும் என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

எங்கள் வீடு பொழிச்சலூரில். பழைய விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கும் வழிக்கு நேர் கீழே என்றே சொல்லலாம். விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, அது போனபிறகு அதே சொல்லிலிருந்து தொடரும் பழக்கம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் உண்டு. மதி கல்யாணமாகிப் போன புதிதில், அவள் வருகிற நாள் எங்கள் வீட்டில் தேர்த்திருவிழாதான். முந்தின நாளே அப்பா டேப்லெட்டில் உலக வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதில் அவளுடைய விமானம் ஒரு மஞ்சள் பூச்சி மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். "அட்லாண்டிக்ல பாதி தாண்டிட்டா... பிராங்பர்ட்ல எறங்கிட்டா... கருங்கடல் மேல இருக்கா" என்று தெருவுக்கே அறிவிப்பார். விமானம் வீட்டைத் தாண்டும்போது மொட்டை மாடியில் நின்று சிவப்புத் துண்டை ஆட்டுவார். அவ்வளவு வேகத்தில் போகும்போது அவளுக்கு அது தெரியாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்டதில்லை. துண்டை ஆட்டிவிட்டு வேனில் ஏறினால், அவள் பெட்டி எடுத்து வெளியே வருவதற்குள் கம்பித் தடுப்பின் முன்னால் நின்றுவிடலாம் என்பது அவர் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அலுமினியப் பேசினில் வெந்நீர், ஒரு கை கல் உப்பு. இருபத்திரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வந்த கால் மெத்தென்று வீங்கியிருக்கும். சாக்ஸ் போட்ட இடத்தில் சதை அழுந்திக் கோடு விழுந்திருக்கும். அப்பா கீழே உட்கார்ந்து, அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்ப்பார். குழி விழுந்து மெதுவாக மேலே வரும். "பாத்தியா, எவ்வளவு தூரம் வந்திருக்கா என் பொண்ணு" என்பார், ஏதோ அவளே நடந்து வந்த மாதிரி.

அவ்வளவு தூரம் வந்தவள் ரெண்டு நாளில் திரும்ப முடியுமா? ஆறு வாரம் இருப்பாள். சண்டை போட நேரம் இருக்கும், சமாதானமாகவும் நேரம் இருக்கும். கிளம்பும்போது பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்த்து, வடகத்தை எடுத்துவிட்டுப் பொடியை வைத்து, பொடியை எடுத்துவிட்டு வடகத்தை வைத்து, கடைசியில் ஒரு வேன் நிறைய ஜனம் விமான நிலைய வாசலில் நின்று அழும். அந்த அழுகையை நான் அன்று கிண்டல் செய்தேன். இன்று அதற்காக ஏங்குகிறேன்.

பிறகு தாவல் வந்தது. கோவளத்துக்கு அப்பால் கடலுக்குள் மேடை கட்டினார்கள். முதல் தடவை அதில் வந்து இறங்கிய மதி, அப்பாவுக்கு அதை விளக்கினாள்.

"பந்தைத் தூக்கிப் போடற மாதிரிப்பா. அங்கேருந்து மேல போடறாங்க, காத்தே இல்லாத உயரத்துக்குப் போய் இங்க வந்து விழறோம். அவ்வளவுதான். நெஞ்சுல மட்டும் கொஞ்ச நேரம் யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கும்."

"நடுவுல எங்கம்மா நிக்கும்?"

"எங்கயும் நிக்காதுப்பா."

"கீழ என்ன ஊருன்னாவது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது. கண்ண மூடித் தொறந்தா வந்துருச்சு."

"அப்ப வழியே கிடையாதா?" என்றார். மதி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் வருடம் அவள் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் விசேஷங்களுக்கு. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால் இந்த வாரம் ஏன் வர வேண்டும்? கடைசியாகப் போன பொங்கலுக்கு வந்தாள். அங்கே அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருந்தாள். நின்றபடியே ரெண்டு வாய் பொங்கல் சாப்பிட்டாள். அப்பா உள்ளேயிருந்து பேசினில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

"அப்பா, நாப்பது நிமிஷத்துல கால் வீங்குமா?" என்று அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

அப்பா அந்தத் தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து, கறிவேப்பிலைச் செடியில் ஊற்றினார். உப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாதே என்றேன். "கொஞ்சம்தானே" என்றார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் விடிவதற்கு முன் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே. மாரடைப்பு.

இப்போதெல்லாம் சாவு வீடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். துக்க விடுப்பு எல்லா நாட்டிலும் அரை நாள்தான். எங்கிருந்தாலும் நாற்பது நிமிடம் என்றால் அதற்கு மேல் எதற்கு? சித்தப்பா ஜெயசீலன் காலை ஏழு மணிக்கே மின்மயானத்தில் பதினொரு மணிக்கு நேரம் வாங்கிவிட்டார். அவர் மகன் ஆதவன் லண்டனிலிருந்து ஆபீஸ் சட்டையோடு வந்து மாலை போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள். நானே மத்தியானம் ஸ்கூலுக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதைப் பற்றி எனக்கு ஆச்சரியம்கூட இல்லை.

மதியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, நான் பழைய பிளேன்ல வரேன். நாளைக்கு விடிஞ்சதும் வந்துருவேன். அதுவரைக்கும் அப்பாவ எடுக்காதீங்க."

பழைய விமானம் இன்னும் ஓடுகிறது. சரக்கு விமானம். தாவலின் அழுத்தம் தாங்காத இதயநோயாளிகளுக்காக அதில் பின்னால் நாலு வரிசை சீட்டு.

"உனக்கு நெஞ்சுல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?"

"அதெல்லாம் இல்ல. சீட்டு கேட்டிருக்கேன், குடுத்துருவாங்க. அண்ணா, ப்ளீஸ். எனக்காக."

கொஞ்ச நேரத்தில் 'ஏறிட்டேன். நீங்க யாரும் ஏர்போர்ட்டுக்கு வர வேணாம், ஆட்டோல வந்துக்கறேன்' என்று விமானத்தின் எண்ணோடு செய்தி வந்தது.

சித்தப்பாவிடம் சொன்னேன். கூடத்தின் நடுவிலேயே குதித்தார். "அப்பன் செத்துக் கெடக்கான், அவளுக்கு ஊர் சுத்திப் பாத்துக்கிட்டு வரணுமா? நாப்பது நிமிஷத்துல வர்றதுக்கு என்ன கேடு? மயானத்துல டைம் வாங்கியாச்சு. இவ்ளோ பேரு லீவு போட்டு வந்து நிக்கறாங்க. முடியாதுன்னு சொல்லு."

எனக்கும் அவள் மேல் கோபம்தான். அவள் ஏன் இப்படி வருகிறாள் என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் 'எனக்காக' என்று அவள் என்னிடம் எதையும் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. இதையும் மறுத்தால் அவள் இனி இந்த வீட்டுப் படியேற மாட்டாள் என்று மட்டும் தெரிந்தது. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு, எதற்கு வரப்போகிறாள்?

"சித்தப்பா, நீங்க நாப்பத்தஞ்சாம் நம்பர் ஓட்டிக்கிட்டிருந்தப்போ அப்பா உங்களுக்கு மெமோ குடுத்தது ஞாபகம் இருக்கா?"

அவர் முறைத்தார். மறக்கக்கூடியதா? சித்தப்பா தாம்பரம் டிப்போவில் டிரைவர். ஒருநாள் நேரத்துக்கு முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டார். கைக்குழந்தையோடு ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்து விழுந்தாள். சொந்தத் தம்பி என்றும் பாராமல் அப்பா எழுதி அனுப்பிவிட்டார். ஒரு வருடம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"வண்டி லேட்டாப் போகலாம், முன்னாடி போகக் கூடாது. அப்படித்தானே சொன்னார் உங்ககிட்ட?"

சித்தப்பா, கண்ணாடிப்பெட்டி இல்லாமல் பெஞ்சில் கிடந்த அண்ணனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஐஸ் பெட்டிக்கு எங்கடா போவ?" என்றார்.

அதுதான் பெரிய பாடாகிவிட்டது. முன்பெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை உடலை வைத்திருக்கத் தெருவுக்கு ஒரு ஐஸ் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். இப்போது யாருக்கும் தேவைப்படுவதில்லை. கடைசியில் பம்மலில் பந்தல் போடும் லாரன்ஸிடம் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. போனால் அதற்குள் ஐஸ்கிரீம் அடுக்கி வைத்திருந்தார்.

"கல்யாண ஆர்டர் சார். வெளிய சொல்லிராதீங்க, பொழப்புல மண்ணு விழுந்துரும்" என்று கும்பிட்டார். அவரே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைக் கழுவித் துடைத்து, வண்டியில் ஏற்றினார். "கடைசியா இத ஒருத்தர் கேட்டு எத்தினி வருஷமாச்சு! யாரு சார் வரணும்?"

"தங்கச்சி. பிளேன்ல வர்றா."

"பிளேன்லயா?" என்று என்னைப் பார்த்தார். வாடகை வேண்டாம் என்றுவிட்டார்.

காத்திருப்பது எப்படி என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. பாதிப்பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி ஷர்மிளா தேநீர் போட்டாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டலாமா என்று யாருக்கோ சந்தேகம் வந்து, எதிர்வீட்டு அடுப்புக்கு மாறியது. சித்தப்பாதான் முதலில் கேட்டார், "இப்ப எங்கடா வர்றா?" என்று.

அப்பாவின் டேப்லெட்டை எடுத்தேன். மஞ்சள் பூச்சி கனடாக் கரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"அட்லாண்டிக்ல நுழைஞ்சிட்டா சித்தப்பா."

"பாவம். ஒண்ணும் சாப்ட்ருக்க மாட்டா" என்றார். காலையில் குதித்த அதே மனிதர்.

அதற்குப் பிறகு வீடு மாறிப்போனது. கால் மணிக்கு ஒருதரம் யாராவது வந்து வரைபடத்தைப் பார்த்தார்கள். கடலுக்கு நடுவே அவள் ஒருத்தி தனியாக வந்துகொண்டிருப்பதாக எல்லோருக்கும் ஒரு தவிப்பு. அவளைப் பற்றிப் பேசினால் அப்பாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா, தனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று அப்பா டிப்போவுக்கு ஓடிப்போய் ஒரு பஸ்ஸையே தெருவுக்குள் கொண்டுவந்த கதையைச் சொன்னார். எனக்கே தெரியாத கதை. சித்தப்பா தன் மெமோ கதையைத் தானே சொன்னார். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர் முடிக்கும்போது துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சாயங்காலம், கிளம்பிப் போயிருந்த ஆதவன் லண்டனிலிருந்து ஒரு தலையணையோடு திரும்பி வந்தான். "ராத்திரி இங்கயே படுத்துக்கறேண்ணா" என்றான். லீவு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை.

விளக்கு வைத்து ரொம்ப நேரம் கழித்து விமானம் கருங்கடலைத் தொட்டது. "கருங்கடல் மேல இருக்கா" என்று உரக்கச் சொன்னேன். சொன்னது அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. எனக்கே கேட்டது. அப்படியே ஐஸ் பெட்டியின் மேல் சாய்ந்து அழ ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கே எடுத்திருந்தால் நான் அழாமலே அப்பாவை எரித்திருப்பேன். அடுத்த நாள் பசங்களுக்குப் பருவக்காற்று நடத்தியிருப்பேன்.

விடிந்தது. சத்தம் கேட்டதும் சித்தப்பா உள்ளே ஓடி, அப்பாவின் சிவப்புத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பின்னாலேயே எல்லோரும் ஏறினோம். அந்தப் பெரிய வயிற்றோடு சரக்கு விமானம் எங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசுவது போலப் போனது. எழுபத்தைந்து வயதில் சித்தப்பா எம்பி எம்பித் துண்டை ஆட்டினார். "தெரியாது சித்தப்பா அவளுக்கு" என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோ வந்தது. மதி இறங்கினாள். தலை கலைந்து, கண் சிவந்து, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். நேராகப் பெட்டியிடம் போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "வந்துட்டேம்பா" என்றாள். தெருவே அழுதது. அந்த மாதிரி ஒரு அழுகையை எங்கள் தெரு கேட்டு இருபது வருடம் இருக்கும். அதன்பிறகு அப்பாவை எடுத்தோம். மதியும் மயானம் வரை வந்தாள்.

எல்லாம் முடிந்து, குளித்து, பொழுது சாயும்போது அவள் பின்கட்டில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அலுமினியப் பேசினில் வெந்நீர் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். கல் உப்பைப் போட்டுக் கையால் கலக்கினேன். அவள் திடுக்கிட்டாள்.

"வேணாண்ணா."

"கால காட்டு."

"வேணாம், விடு."

கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்து இழுத்தேன். கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி விழவில்லை. சாக்ஸ் கோடு இல்லை. பதின்மூவாயிரம் கிலோமீட்டர் உட்கார்ந்து வந்த கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சீட்டு குடுக்கலண்ணா. டாக்டர் சர்டிபிகேட் கேட்டாங்க. நெஞ்சு நல்லா இருக்கவங்களுக்குக் கிடையாதாம். நல்லா இருக்குன்னு யாரு சொன்னதுன்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லல."

"அப்ப எப்ப வந்த?"

"நேத்து மத்தியானமே. ஏறிட்டேன்னு பொய் அனுப்பிட்டு இருக்க முடியல, தாவித்தான் வந்தேன். டாக்ஸில ஏறி, வீட்டுக்குன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பழைய ஏர்போர்ட்டுன்னு வந்துருச்சு. அங்க வெளிய வர்ற எடத்துல கம்பி இருக்குல்ல, அப்பா நிப்பாரே. அங்கயே ஒக்காந்துட்டேன்."

"மூணு கிலோமீட்டர் மதி. நடந்தாக்கூட வந்திருக்கலாம்."

"முடியலண்ணா. அங்க பாத்திரம் கழுவிட்டிருந்தப்ப போன் வந்துச்சு. அந்த ஈரம் காயறதுக்குள்ள வந்து அப்பாவ எப்படிப் பாக்கறது? எனக்கு அவர் இன்னும் செத்தே போகல." காலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். "நான் வந்திருந்தா பதினோரு மணியில்லன்னாலும் மூணு மணிக்கு எடுத்திருப்பீங்க. எல்லாரும் போயிருப்பீங்க. இன்னொரு ராத்திரி அவர் எனக்காகக் காத்திருக்கணும்னு தோணுச்சு. நானும் போன்ல அந்த பிளேனையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். கருங்கடல் வந்தப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. காலைல அது எறங்கறப்போ, நீங்க துண்டு ஆட்டுவீங்கன்னு தெரியும்."

திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவளுடைய ரெண்டு காலையும் எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தேன்.

சமையலறை வாசலிலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். கண் சரியாகத் தெரியாத மனிதர்.

"ரொம்ப வீங்கியிருக்காப்பா?"

மதியின் கால்விரல்கள் என் கைக்குள் சுருங்கின.

"ஆமா சித்தப்பா" என்றேன். "ரொம்ப தூரம் வந்திருக்கா."

"அப்ப இன்னொரு கை உப்பு போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.